தட்டிப் பார்த்த தந்தம்

மொம்பாசாவில் நான் பார்த்த தந்தங்களைப் பற்றி யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும், "யானையப் பாத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். யானையைப் பார்க்கவில்லை. தந்தத்தைத்தான் பார்த்தேன். நாலு தந்தம். அதற்குக் கீழே பஸ் போகிறது, லாரி போகிறது, தலையில் கூடையோடு பெண்கள் போகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. இதைச் சொன்னால் சரியென்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எனக்குக் கோவையாகச் சொல்ல வராது என்பதும் ஒரு காரணம். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் பாதியிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவில், கடலோரத்தில் இருக்கிற ஊர் மொம்பாசா. என் மகளும் மருமகனும் அங்கே இருக்கிறார்கள். மருமகனுக்குத் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிற வேலை. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது நான் போனேன். சம்பந்தியம்மாவும் வந்தார். மருமகனுடைய அம்மா. பிறந்தது திருவையாற்றுப் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டில், வாழ்க்கைப்பட்டது பட்டுக்கோட்டையில் தென்னந்தோப்புக்கு நடுவே. நான் திருவாரூர்ப் பக்கத்தில், வயல் வேலை செய்து சாப்பிட்ட வீட்டில் பிறந்தவள். பிள்ளைகள் இரண்டும் தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்து, அவர்களாகவே முடிவு செய்துகொண்ட கல்யாணம் அது. ஆரம்பத்தில் மனஸ்தாபம் இருந்தது. பேத்தி பிறந்ததும் அது போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். போய்விட்டதோ, மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்ததோ, எனக்குத் தெரியாது. சம்பந்தியம்மா என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவார். "வாங்க", "சாப்பிடுங்க", "நான் பாத்துக்குறேன், நீங்க உக்காருங்க." இந்த மூன்றையும் நாள் முழுக்கச் சொல்வார். நானும் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மருமகன், "புள்ளைய நான் பாத்துக்குறேன், மூணு பேரும் போய்த் தந்தத்தைப் பாத்துட்டு வாங்க" என்றார். நான் குடை எடுத்துக்கொள்ளவில்லை. சம்பந்தியம்மா எடுத்துக்கொண்டார். வளைந்த கைப்பிடி போட்ட கறுப்புக் குடை. பட்டுக்கோட்டையிலிருந்து விமானத்தில் அதைக் கொண்டுவந்திருந்தார்.

அங்கேயும் நம் ஊர் ஆட்டோதான் ஓடுகிறது. டுக்டுக் என்கிறார்கள். ஏறும்போது டிரைவர் எங்கள் இருவரையும் பார்த்து, "மாமா, மாமா" என்று இடம் காட்டினான்.

"யாரைச் சொல்றான்?" என்றார் சம்பந்தியம்மா.

"உங்களைத்தான் அத்தை. இங்க அம்மாவ மாமாம்பாங்க" என்றாள் மகள்.

"நல்ல ஊருடி இது. மீசை ஒண்ணுதான் பாக்கி."

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவர் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கிற பழக்கம் இன்னும் வரவில்லை.

கடைத்தெரு, மசூதி, வேப்பமரம், மறுபடி கடைத்தெரு. வேப்பமரம் அங்கேயும் இருக்கிறது. பிறகு வண்டி ஓர் அகலமான சாலைக்குத் திரும்பியது. சாலைக்கு நடுவே தடுப்பு, போக ஒரு பாதை, வர ஒரு பாதை. மகள், "அம்மா, முன்னாடி பாரு" என்றாள்.

பார்த்தேன். முதலில் எனக்கு அது என்னவென்றே பிடிபடவில்லை. வானத்தை யாரோ வெள்ளைக் கோடு போட்டு அறுத்ததுபோல இருந்தது. சாலையின் இந்த ஓரத்திலிருந்து ஒரு தந்தம் எழும்பி வளைந்து மேலே போகிறது. நடுத்தடுப்பிலிருந்து இன்னொன்று எழும்பி எதிரே வருகிறது. இரண்டும் உச்சியில் ஒன்றை ஒன்று குறுக்கிட்டு நிற்கின்றன. வருகிற பாதைக்கு மேலேயும் அதேபோல ஒரு ஜோடி. அடி பெருத்து, நுனி சிறுத்து, நிஜத் தந்தத்துக்கு உள்ள அதே நெளிவு. வெயிலில் பால் வெள்ளையாக மின்னியது. அதற்குக் கீழே ஒரு பஸ் புகுந்து வந்தது. பார்க்க வெற்றிலைப் பெட்டிபோல இருந்தது.

தஞ்சாவூர்க் கோபுரத்தைப் பார்த்தவள்தான் நான். ஆனால் கோபுரத்தைப் பார்க்கும்போது இது கோபுரம் என்று தெரியும், மனம் அதற்கு ஏற்கெனவே இடம் விட்டு வைத்திருக்கும். தந்தம் அப்படியில்லை. கோயில் யானையின் தந்தம் என் கைக்கு இரண்டு முழம் வரும். தந்தம் என்றால் மனசுக்குள் அந்த இரண்டு முழம்தான். அதை வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால், மீதி யானையையும் மனம் தானாகக் கட்ட ஆரம்பிக்கிறது. இவ்வளவு தந்தம் என்றால் தலை எவ்வளவு? கால் எங்கே ஊன்றும்? வயிறு இந்தக் கடைத்தெருவையெல்லாம் மூடிவிடுமே. வால் கடலில் கிடக்கும். வண்டியை விட்டு இறங்கிய நான் நடக்கவே மறந்து நின்றேன்.

"நாலு தந்தம்னா ரெண்டு யானைங்க" என்று என்னையும் அறியாமல் சொன்னேன்.

சம்பந்தியம்மா குடையை விரித்தபடி, "ரெண்டு யானைக்கும் தீனி போடணும்னா எங்க தோப்பு ஒரு வேளைக்குக் காணாது" என்றார். பிறகு அவரும் அண்ணாந்தார். அண்ணாந்த வாய் மூட வெகு நேரம் ஆயிற்று.

வெள்ளைக்காரர் காலத்தில் அவர்கள் ராஜ குடும்பத்திலிருந்து யாரோ வந்தபோது, வரவேற்பு வளைவாகக் கட்டியதாம் அது. மகள் சொன்னாள். எனக்கு அது இன்னும் ஆச்சரியம். எங்கள் பக்கம் மந்திரி வந்தால் மூங்கிலும் தென்னங்கீற்றும் வாழைமரமுமாக வளைவு கட்டுவார்கள். கார் போன மறுநாள் மூங்கிலைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள், வாழையை மாடு தின்னும். இங்கே வந்தவர் போய்விட்டார், கூட்டி வந்தவர்களும் போய்விட்டார்கள், ஆட்சியே போய்விட்டது. வளைவு மட்டும் அப்படியே நிற்கிறது. இப்போது அது வழியே வேலைக்குப் போகிறவர்கள் நடக்கிறார்கள்.

நடைபாதை ஓரத்துத் தந்தத்தின் அடிக்குப் போனோம். கிட்டப் போனதும் இன்னும் பெருத்தது. நான் இரண்டு கையையும் விரித்துக் கட்டிக்கொண்டாலும் சுற்றளவில் கால்வாசிகூட வராது. நிஜத் தந்தமாக இருக்க முடியாது என்று புத்திக்குத் தெரிகிறது. கண் கேட்க மாட்டேன் என்கிறது. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். யோசித்துச் செய்ததில்லை. இடுப்பு உயரத்தில், விரல் முட்டியை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்தேன்.

தொப், தொப்.

நிறைந்திருக்கிறது.

மறுபடி தட்டினேன். தொப். உள்ளே கெட்டியாக, இறுக்கமாக. பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"என்னம்மா பண்ற? எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் மகள்.

அவளிடம் என்ன சொல்வது? நான் அப்படித் தட்டி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாகத் தட்டியபோது எனக்குப் பதினொரு வயது.

அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தி, எங்கள் ஊர் மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ள விட்டிருந்தார்கள். சென்னையில் ஆட்சி மாறிய புதிது. கறுப்பு சிவப்புக் கொடி எல்லாத் தெருவிலும் பறந்தது. எங்கள் தெருவில் அதோடு செங்கொடியும் பறந்தது. நிலம் உழுகிறவனுக்கே வந்துவிடும், வீட்டுமனைக்குப் பட்டா வரும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்த வருஷ அறுவடைக்குக் கூலி நெல்லைக் கொஞ்சம் ஏற்றித் தரவேண்டும் என்று விவசாயக் கூலிகள் சங்கத்தில் கேட்டார்கள். என் அப்பா சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். மிராசுதார் ஏற்றித் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. "நெல்லு இருந்தாத்தானே குடுக்குறதுக்கு? எல்லாம் வித்தாச்சு, பத்தாயமே காலி" என்றார்.

பத்தாயம் என்பது நெல் கொட்டிவைக்கிற மரப்பெட்டி. பெட்டி என்று சொன்னால் போதாது. ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு, ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். மரச்சட்டங்களை அடுக்கடுக்காக ஏற்றிச் செய்திருப்பார்கள். மேலே ஏறிக் கொட்ட வேண்டும். எடுக்கும்போது கீழே ஒரு சின்ன வாய் உண்டு, அதன் பலகையை இழுத்தால் நெல் தானாகக் கொட்டும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று திறக்காமலே தெரிந்துகொள்ளத் தட்டிப் பார்ப்பார்கள். நெல் இருந்தால் தொப்பென்று கேட்கும். இல்லாவிட்டால் டங்கென்று கேட்கும். இது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மிராசுதார் வீட்டுப் பெரிய பத்தாயம் கொட்டகையை ஒட்டிய அறையில் இருந்தது. படிக்கு உள்ளே காலெடுத்து வைக்க எங்களுக்கு உத்தரவில்லை. ஒரு நாள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், நான் படி தாண்டினேன். யாரும் சொல்லி அனுப்பவில்லை. சாணிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தட்டினேன். தொப். இன்னொரு பக்கம் தட்டினேன். தொப். ஓடி வந்துவிட்டேன். மாலையில் அப்பாவிடம், "பத்தாயம் காலி இல்லப்பா. ரொம்பிக் கெடக்கு" என்றேன்.

அப்பா என் தலையில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

மறுநாள் காலை நாற்பது பேர் மிராசுதார் வீட்டுப் பின்வாசலில் கூடிவிட்டார்கள். நான் கொட்டகையில் மாட்டுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு பார்த்தேன். "பத்தாயத்துல நெல்லு இருக்கு, தொறந்து காட்டுங்கய்யா" என்றார் அப்பா. மிராசுதார் கோபப்படவே இல்லை. "வாங்கடா, எல்லாரும் உள்ள வாங்க" என்றார். படி தாண்ட உத்தரவில்லாதவர்களை உள்ளே அழைத்தார். அவரே குனிந்து பலகையை இழுத்தார். நெல் கொட்டியது. பளபளவென்று கொட்டியது. அப்பாவின் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இரண்டு மரக்கால் நெல் இருக்கும், தரையில் ஒரு கூடை கவிழ்த்த அளவு. அதோடு நின்றுவிட்டது.

மிராசுதார் வாய்க்குள் கையை விட்டுத் துழாவிக் காட்டினார். "போதுமாடா? நாப்பது பேரும் பங்கு போட்டுக்கங்க" என்றார். பிறகு அப்பாவிடம், "நெல்லு இருக்குன்னு ஒனக்கு எவன்டா சொன்னான்?" என்று கேட்டார்.

அப்பா, "நானே தட்டிப் பாத்தேன்" என்றார்.

"நீ எப்படா என் வீட்டுக்குள்ள வந்த?"

அப்பா அந்த அறைக்குள் வந்ததில்லை என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மிராசுதார் சிரித்தார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களே இரண்டு பேர் சிரித்தார்கள். நாற்பது பேரும் அந்தக் கூடை நெல்லைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார்கள்.

கூலி ஏறவில்லை. அப்பாவுக்குப் புளுகன் என்று பேர் வந்தது. சங்கத்தில் பின்னால் போய் உட்கார்ந்தார். அடுத்த வருஷம் கூத்தாநல்லூர்ப் பக்கம் அம்மாவின் ஊருக்கு நாங்கள் குடிபோனோம். என்னை அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. சாகிற வரையில் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அவர் பேசாததுதான் எனக்குத் தண்டனை. நான் கேட்டது பொய்யா? பசியில் இருந்த பிள்ளை, நெல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தட்டினால் தொப்பென்று கேட்டிருக்குமோ? கல்யாணமாகி, மகளைப் பெற்று, அப்பாவும் போய்ச் சேர்ந்து, நான் கிழவியான பிறகும் இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நான் யாரிடமும் சொன்னதுமில்லை. மிராசுதார் வீட்டில் பிறந்த சம்பந்தியம்மாவிடம் சொல்வேனா?

அந்தத் தந்தத்தின் அடியில் காதை வைத்துக்கொண்டு நான் நின்றபோது இதெல்லாம்தான் ஓடியது. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இது நெஜத் தந்தம் இல்லம்மா. அலுமினியத் தகடு. உள்ள ஒண்ணுமே கெடையாது."

"இல்ல. நெறஞ்சிருக்கு" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. உள்ள நெறஞ்சிருக்கு."

மகள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். இதுவரை அவளிடம் நான் குரல் உயர்த்தியதில்லை.

சம்பந்தியம்மா குடையை மடக்கினார். எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து வந்தார். "எங்க தட்டுனீங்க?"

காட்டினேன்.

"அங்க தட்டினா அப்படித்தான் கேக்கும். மேல தட்டுங்க." குடையின் கைப்பிடியைத் தலைக்கு மேலே தூக்கி அவரே ஒரு தட்டுத் தட்டினார்.

டொங்ங்.

அந்தச் சத்தம் அங்கேயே நிற்கவில்லை. தகட்டுக்குள் ஏறி, வளைந்து, உச்சிவரைக்கும் போனது போல இருந்தது. இளநீர்க்காரி வாய்விட்டுச் சிரித்தாள். மகள், "அடியில சிமெண்ட் கொட்டி ஊனியிருப்பாங்க" என்றாள். நான் குடையை வாங்கி அதே இடத்தில் தட்டினேன். டொங்ங். இடுப்பு உயரத்தில் தட்டினேன். தொப்.

"எப்பவும் அடியில தட்டிப்புட்டுச் சொல்லிடக் கூடாது" என்றார் சம்பந்தியம்மா. "எங்க அம்மா சொல்லும். பத்தாயத்த அடியில தட்டுறவ குடித்தனம் பண்ணமாட்டான்னு."

என் கை அப்படியே நின்றது. "பத்தாயத்துலயும் இப்படித்தானாங்க?"

"பின்ன? அடிநெல்லை யாரு வழிப்பா? லட்சுமின்னு கெடக்கும்ல. முழுசா வழிச்சுத் தொடைச்சா வீட்டுக்கு ஆகாது. அதனால அடியில தட்டினா எந்தப் பத்தாயமும் தொப்புன்னுதான் கேக்கும். தலைக்கு மேல தட்டணும்."

பதினொரு வயதில் எனக்குக் கை எட்டியது அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. ஊரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். அவ்வளவு பெரிய ஒன்றுக்குக் கீழே நின்றால் மனிதர்கள் எல்லோரும் ஒரே உயரமாகிவிடுகிறார்கள். இளநீர்க்காரி போட்டிருந்த பலகையில் நாங்கள் உட்கார்ந்தோம். மகள் ஆளுக்கொரு இளநீர் வாங்கித் தந்தாள். சாலையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மிராசுதார் பலகையை இழுத்ததை, அப்பாவின் முகத்தை, இரண்டு பேர் சிரித்ததை. மகளும் இதை முதல் முறையாகக் கேட்கிறாள். "தாத்தாவா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

நான் முடித்தபோது சம்பந்தியம்மா இளநீர்க்காயைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"கொட்டுச்சே நெல்லு, அது பழசா, புதுசா?"

"எப்படிங்க?"

"அடிநெல்லுன்னா வருஷக்கணக்குல கெடக்கும். கறுத்துப் போயிருக்கும். தொறந்தா அந்துப்பூச்சி பறக்கும், தூசி மூக்குல ஏறும். பூச்சி பறந்துச்சா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாட்டின் முதுகுக்கு மேலே எட்டிப் பார்க்கிறேன். பலகை இழுபடுகிறது. பளபளவென்று கொட்டுகிறது. பூச்சி இல்லை. ஒரு பூச்சி இல்லை. புது நெல்லின் வாசனை, களத்து வெயில் அப்படியே ஒட்டியிருந்த வாசனை, சாணி நாற்றத்தையும் தாண்டி என் மூக்குக்கு வந்தது. பசி எடுத்தது நினைவிருக்கிறது.

"புது நெல்லுங்க. அந்த வருஷத்து நெல்லு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"புதுசுங்க. வாசனை இன்னும் இருக்கு எனக்கு."

சம்பந்தியம்மா சாலையைப் பார்த்தார். இரண்டு பஸ், ஒரு லாரி, தந்தத்துக்குக் கீழே போகிற வரைக்கும் பார்த்தார்.

"அப்போ பலகைதான்" என்றார்.

"பலகைன்னா?"

"காலி பண்ண பத்தாயத்துல புது நெல்லு எப்படிங்க இருக்கும்? வாயத் தொறந்தா புதுசெல்லாம் ஓடிப் போயிடும், பழசுதான் மிஞ்சும். உங்க மிராசுதாரு அறுப்பு முடிஞ்சு நெல்லு ஏத்தும்போதே, வாய்க்குக் கொஞ்சம் மேலயே குறுக்கப் பலகை போட்டு மூடியிருக்கான். அதுக்கு மேல மறுபடியும் கொட்டியிருக்கான். கீழ வாயத் தொறந்தா பலகைக்குக் கீழ உள்ளது மட்டும் கொட்டும். கையை விட்டுத் துழாவினாலும் ஒண்ணும் இருக்காது. மேல அத்தனையும் அப்படியே நிக்கும்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் குடையின் கைப்பிடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "எங்க வீட்டுலயும் போட்டாங்க. எங்கப்பா பலகைய எடுத்துக் குடுக்கச் சொன்னாரு, நான்தான் எடுத்துக் குடுத்தேன். எனக்கும் பன்னெண்டு வயசுதான் இருக்கும். ஆளுங்க வந்தாங்க, தொறந்து காட்டினாரு, போயிட்டாங்க. ஒருத்தன்கூட மேல தட்டிப் பாக்கல."

நாற்பது பேர் அந்த அறைக்குள் நின்றார்கள். அப்பா ஆறடி உயரம். கையைத் தூக்கியிருந்தால் எட்டியிருக்கும். அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா எழுந்தார். புடவையை உதறிக்கொண்டார்.

"உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல சம்பந்தி" என்றார். "உசரந்தான் பத்தல."

"இப்ப மட்டும் என்ன வளந்துட்டேனாங்க" என்றேன். அவர் முன்னால் நான் சொன்ன முதல் வேடிக்கை அதுதான்.

"அதுக்குத்தான் குடை."

திரும்பவும் தந்தத்தின் அடிக்குப் போனோம். வெயில் ஏறியிருந்தது. தந்தத்தின் நிழல் சாலையில் விழுந்து, ஓடுகிற வண்டிகளின் முதுகில் ஏறி ஏறி இறங்கியது. நான் குடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, எட்டின மட்டும் மேலே கைப்பிடியால் தட்டினேன். டொங்ங். அந்தச் சத்தம் போகிற வழியைத் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். தகடும் தகடும் சேர்கிற வரிகள் தெரிந்தன. அவை ஏறி ஏறிப் போய், எதிரே வந்த இன்னொரு தந்தத்தைக் கடந்து, வானத்தில் கூராக முடிந்தன. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாமல் இவ்வளவு பெரிதாக நிற்கிறது. இதைப் பார்த்து நான் நிறைந்திருக்கிறது என்று நினைத்தேன். அன்று நாற்பது பேர், நிறைந்திருந்ததைப் பார்த்துக் காலி என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள்.

அப்பா அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். அதற்கு இனி மருந்தில்லை. ஆனால் நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இத்தனை தூரம் கடல் தாண்டி வரவேண்டியிருந்தது.

"இன்னொரு தடவை தட்டட்டுமாங்க?" என்று கேட்டேன்.

"தட்டுங்க, யாரு கேக்கப்போறா" என்றார் சம்பந்தியம்மா. "நம்ம வீட்டுப் பத்தாயமா?"

தட்டினேன். அந்த இளநீர்க்காரி கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, கையைத் தூக்கி விரல் முட்டியால் அவளும் ஒரு தட்டுத் தட்டினாள். தினமும் அதன் நிழலில் உட்கார்ந்து விற்கிறவள், இதுவரை தட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. அவள் என்னைவிட நல்ல உயரம். டொங்ங் என்றது. காதை வைத்துக் கேட்டாள், கண் விரிந்தது. மேலே பார்த்தாள். நாங்களும் மேலே பார்த்தோம்.